படத்துக்கும் தோட்டாவுக்கும் நடுவே எவ்வளவு நேரம்? வேட்டைக் காலத்து ட்ரெயில் கேமரா பற்றி ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவில் ஏதாவது ஒரு காட்டு வழியில் நடந்துபோனால், இடுப்பு உயரத்தில் ஒரு மரத்தில், சின்ன டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டியை வார் போட்டுக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். மரப்பட்டையின் நிறத்திலேயே இருப்பதால் கவனிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். கவனித்துவிட்டால் கொஞ்சம் திக்கென்று இருக்கும், ஏனென்றால் நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது உங்களைப் பார்த்துப் படம் எடுத்து முடித்திருக்கும். இதுதான் ட்ரெயில் கேமரா. புலிக் கணக்கெடுப்புச் செய்திகளில் 'கேமரா ட்ராப்' என்று வருமே, அடிப்படையில் அதே சாமான்தான். ஆனால் அமெரிக்கக் கடைகளில் இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வேட்டைக்காரர்கள்.

இந்தப் பெட்டியை வைத்து அங்கே பல வருடமாக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. வேட்டையே கூடாது என்பவர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் நடக்கிற சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் வேட்டைக்காரருக்கும் வேட்டைக்காரருக்கும்தான். ஒரு மாநிலத்தில் எந்தத் தடையும் இல்லை, பக்கத்து மாநிலத்தில் குறிப்பிட்ட தேதிக்கு மேல் பொது நிலத்தில் வைக்கக் கூடாது, அதற்கும் பக்கத்தில் வேட்டைக்காக என்றால் வருடம் முழுக்கவே கூடாது. ஒரே பெட்டிக்கு ஏன் இத்தனை விதமான சட்டம்?

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பெட்டிக்குள் ஒரு வெப்ப உணரி இருக்கிறது. அது தன்பாட்டுக்குச் சும்மா காத்திருக்கும். சுற்றுப்புறத்தை விடச் சூடான ஓர் உடம்பு எதிரே குறுக்கே போனால் விழித்துக்கொண்டு அரை நொடிக்குள் படம் எடுத்துவிடும். வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலும் ஏமாந்துபோய் எடுக்கும், அதனால்தான் படங்கள் சேரும் மெமரி கார்டைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் புல்லாக இருக்கிறது என்று புலம்பாத ஆளே இந்த வட்டாரத்தில் கிடையாது. இரவுக்கு அகச்சிவப்பு விளக்கு. 850 நானோமீட்டர் விளக்கு என்றால் எரியும்போது மங்கலான சிவப்புப் புள்ளி நம் கண்ணுக்குத் தெரியும், 940 நானோமீட்டர் என்றால் தெரியாது. மிருகத்துக்கும் தெரியவே தெரியாது என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். 2014-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல மாடல்களைச் சோதித்து, இந்தக் கேமராக்கள் எழுப்பும் சத்தம் பாலூட்டிகள் பலவற்றின் காதுக்கு எட்டக்கூடியது, வெளிச்சமும் கண்ணில் படக்கூடியது என்று எழுதினார்கள். ஆக, மான் நாம் நினைக்கிற அளவுக்கு ஏமாளி இல்லை.

இதில் இரண்டு ரகம். முதல் ரகம் படத்தை உள்ளே இருக்கும் மெமரி கார்டில் சேமிக்கும், நீங்கள் நடந்து போய்க் கார்டை எடுத்து வந்து பார்க்க வேண்டும். இரண்டாவது ரகத்துக்குள் சிம் இருக்கும், மாதாமாதம் கட்டணம் கட்டினால் எடுத்த படத்தைச் செல்போன் கோபுரம் வழியாக உங்கள் கைபேசிக்கு அனுப்பிவிடும், சிக்னல் நன்றாக இருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. இதை 'செல்லுலார்' என்கிறார்கள், சட்டப் புத்தகங்களில் 'லைவ் ஆக்‌ஷன்' என்றோ 'டிரான்ஸ்மிட்டிங்' என்றோ வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டையில் பாதி இதில்தான் இருக்கிறது.

ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைய வழக்கு அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜார்ஜ் ஷைராஸ் என்று ஒருவர், பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த வக்கீல், பிறகு 1903 முதல் 1905 வரை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். துப்பாக்கியோடு வேட்டைக்குப் போனவர், பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் 'ஜாக்லைட்' வேட்டை என்று ஒன்று இருந்தது. படகின் முனையில் தீ மூட்டிக்கொண்டு ராத்திரியில் ஏரிக்கரையோரமாகச் சத்தமில்லாமல் போவார்கள், கரையில் நிற்கிற மான் வெளிச்சத்தைப் பார்த்து அப்படியே சிலையாக நின்றுவிடும், கண் இரண்டும் ஜொலிக்கும், நடுவில் குறிபார்த்துச் சுட வேண்டியதுதான். ஷைராஸ் அதே உத்தியில் துப்பாக்கி இருந்த இடத்தில் கேமராவையும் ஃபிளாஷையும் வைத்தார். அப்புறம் வழியில் ஒரு கம்பியைக் கட்டி, மான் அதை இடறினால் தானே படம் விழுகிற மாதிரியும் செய்தார். நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகை 1906 ஜூலை இதழில் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. அந்தக் கம்பி கட்டிய கேமராதான் இன்றைய ட்ரெயில் கேமராவின் பாட்டன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விளக்கை அடித்து மானை மயக்கிச் சுடுவது இன்று அமெரிக்காவில் அநேகமாக எல்லா இடத்திலும் குற்றம். காரணம், அது வேட்டையே அல்ல, மிருகத்துக்குத் தப்பிக்க வழியே இல்லை என்பதுதான். அந்த உத்தியிலிருந்து பிறந்த கேமரா அப்போது அப்பாவி, யாரையும் கொல்லாத கருவி. நூறு வருடம் கழித்து அதுவே அதே குற்றச்சாட்டோடு அதே கூண்டில் வந்து நிற்கிறது.

சரி, வேட்டைக்காரருக்கு இது எதற்கு?

அமெரிக்காவில் காட்டு மிருகம் நிலத்துக்காரருக்குச் சொந்தம் இல்லை, மக்களுக்காக மாநில அரசு பொறுப்பில் வைத்திருக்கும் பொதுச்சொத்து. எந்த மிருகத்தை, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை, எந்த ஆயுதத்தால், எத்தனை என்பதை மாநிலம் முடிவு செய்கிறது. மான், எல்க் என்ற பெரிய மான் வகை மாதிரி பெரிய மிருகங்களுக்கு வேட்டை சீசன் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வரும், பல மாநிலங்களில் வில் வேட்டை முதலில், துப்பாக்கி பிறகு. அனுமதிச் சீட்டை 'டேக்' என்பார்கள். மேற்கு மாநிலங்களில் நல்ல பகுதிகளுக்கு டேக் கிடைப்பது குலுக்கலில்தான், சில மிருகங்களுக்குப் பத்து இருபது வருடம் விண்ணப்பித்தும் கிடைக்காதவர்கள் உண்டு. அப்படி ஒரு டேக் கையில் கிடைத்து, சீசனோ சில நாள்தான் என்றால், முன்கூட்டியே போய் உளவு பார்க்கத்தான் தோன்றும். முன்பெல்லாம் தடம் பார்த்து, புழுக்கை பார்த்து, மரத்தில் கொம்பு தேய்த்த இடம் பார்த்து, தொலைநோக்கியோடு நாள் முழுக்கக் குன்றில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அந்த வேலையைப் பெட்டி செய்கிறது. கோடையில் கொம்பு வளர்கிறபோதே எந்தக் கிடா, அதாவது ஆண் மான், எந்த வழியில், எத்தனை மணிக்கு வருகிறது என்று பட்டியலே போட்டுவிடலாம்.

இதில் நல்லதும் இருக்கிறது. இந்தக் கிடாவுக்கு இன்னும் வயதாகவில்லை, விட்டுவிடலாம் என்று முன்பே முடிவெடுக்கலாம். கள்ள வேட்டைக்காரன் அகப்படலாம். விஸ்கான்சின் மாநில அரசே பொதுமக்களிடம் ட்ரெயில் கேமராக்களைக் கொடுத்து, 'ஸ்னாப்ஷாட் விஸ்கான்சின்' என்ற பெயரில் காட்டு விலங்குகளைக் கண்காணிக்கிறது. ஒரு விஷயத்தையும் மறந்துவிடக் கூடாது: படம் கிடைத்தாலே மான் கிடைத்துவிடாது. பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் மானைச் சுடலாம். பெரிய கிடாக்கள் ஆள் நடமாட்டம் கூடியதும் இரவுக்கு மாறிவிடும். ராத்திரி 2 மணிக்கு அட்டகாசமாக போஸ் கொடுக்கிற கிடாவின் படத்தை வைத்துக்கொண்டு பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். வேட்டைக்காரர்களுக்குள் 'ஃபேர் சேஸ்' என்று ஒரு சொல் உண்டு. நியாயமாகத் துரத்துவது என்று வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் பத்திரிகையாசிரியர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலும் சேர்ந்து 1887-ல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப்தான் இந்தச் சொல்லைப் பிடித்து வளர்த்தது. வேலிக்குள் அடைபடாமல் சுதந்திரமாகத் திரிகிற மிருகத்தை, சட்டப்படி, அதற்கு எதிராக முறையற்ற சாதகம் எடுத்துக்கொள்ளாமல் வேட்டையாடுவது என்பது அதன் சாரம். முறையற்ற சாதகம் என்றால் எது என்பதில்தான் தகராறு எல்லாம். மறைந்து நின்று அம்பு விட்டது சரியா என்று வாலி வதத்தை வைத்து நாம் பட்டிமன்றம் நடத்துவதில்லையா, கிட்டத்தட்ட அந்தக் கேள்விதான். ஆனால் இங்கே மறைந்து நிற்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, மரத்தில் பரண் கட்டி மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பது வேட்டையில் பாதி. ஆள் அங்கே இல்லாதபோதும் கண் மட்டும் அங்கே இருக்கிறதே என்பதுதான் ஆட்சேபம்.

என் கணக்கில் இந்த விவாதம் முழுவதையும் ஒரே கேள்வியாகச் சுருக்கலாம்: படம் எடுத்ததற்கும் சுடுவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம்? போன வருடம் எடுத்த படத்தைப் பார்த்து இந்தப் பள்ளத்தாக்கில் மான் வரும் என்று தெரிந்துகொண்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். போன வாரப் படம் என்றாலும் பெரும்பாலோருக்குச் சரிதான், மான் இடம் மாறியிருக்கும், நீங்கள் இன்னும் தேட வேண்டும். இன்று காலை என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். இந்த நிமிடம் என்றால்? கூடாரத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கிறீர்கள், கைபேசி அதிர்கிறது, வடக்குக் குட்டையில் கிடா தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது, காற்றுத் திசை பார்த்துப் பத்து நிமிடத்தில் போய்ச் சுட்டுவிடுகிறீர்கள். இதில் வேட்டை எங்கே இருக்கிறது? பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் இந்த இடத்தில்தான் கோடு போட்டது. மிருகம் இருக்கும் இடத்தை அந்தக் கணத்திலேயே தெரிவித்து, வேட்டைக்காரரை உடனே கிளம்பவைக்கிற எந்தத் தொழில்நுட்பமும் ஃபேர் சேஸ் ஆகாது, அப்படி அடித்த மிருகம் அவர்களுடைய சாதனைப் புத்தகத்தில் ஏறாது. இது சட்டம் இல்லை, ஒரு சங்கத்தின் விதி. ஆனால் அந்தப் புத்தகத்தில் பேர் வர வேண்டும் என்பதற்காகவே வேட்டையாடுகிற ஒரு கூட்டம் இருப்பதால் விதிக்குக் கொஞ்சம் பல் இருக்கிறது.

நேர இடைவெளியைச் சட்டமாக்குவது புதிதும் இல்லை. அலாஸ்காவில் சின்ன விமானத்தில் பறந்து மேலிருந்து மிருகத்தைப் பார்த்து, இறங்கிப்போய்ச் சுடுவது சுலபம் என்பதால், பறந்த அன்று பெரிய மிருகங்களை வேட்டையாடக் கூடாது, மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான் என்று விதி வைத்திருக்கிறார்கள், வழக்கமான பயணிகள் விமானத்தில் வந்து இறங்குவதற்கு விலக்கு உண்டு. ஏன் 3 மணி என்று கேட்டால் பதில் இல்லை, எங்காவது ஒரு கோடு போட வேண்டும், போட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயர் இதே யோசனையைக் கேமராவுக்குக் கொண்டுவந்தது. சீசன் திறந்திருக்கும்போது, நேரலைக் கேமரா (அதாவது அந்த 'லைவ் ஆக்‌ஷன்' ரகம்) காட்டிய மிருகத்தை அதே நாளில் வேட்டையாடப் பயன்படுத்தக் கூடாது. அப்படியென்றால் இரவு 11:55-க்கு வந்த படத்தைப் பார்த்துவிட்டு விடியற்காலையில் போகலாமா? எழுத்துப்படி பார்த்தால் நாள் மாறிவிட்டது. சிரிப்பு வரத்தான் செய்கிறது, ஆனால் எங்கே கோடு கிழித்தாலும் அதன் ஓரத்தில் இப்படி ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

இதெல்லாம் செல்லுலார் கேமராவுக்குத்தானே, கார்டு போட்ட பழைய ரகத்தையும் ஏன் தடை செய்தார்கள் என்று கேட்கலாம். அதற்குத் தண்ணீர் பற்றிப் பேச வேண்டும்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி பச்சை. மான் எங்கே வேண்டுமானாலும் தண்ணீர் குடிக்கும், எங்கே வேண்டுமானாலும் மேயும். அங்கே ஒரு கேமராவை வைப்பது ஊரின் ஒரு தெருமுனையில் நின்று ஆள் பார்ப்பது மாதிரி, அவர் வரலாம், வராமலும் போகலாம். அரிசோனா, நெவாடா பக்கம் வந்தால் கதை வேறு. வறண்ட பூமி. மைல் கணக்கில் தண்ணீரே இருக்காது, கோடையில் மானும் எல்க்கும் மான் மாதிரி இருக்கும் ப்ரான்ஹார்னும் பிக்ஹார்ன் என்ற காட்டு ஆடும் அந்த ஒரு குட்டைக்கு வந்தே ஆக வேண்டும். அரிசோனா வனவிலங்குத் துறை மிருகங்களுக்காக மழைநீரைப் பிடித்து வைக்கிற தொட்டிகளைப் பல பத்தாண்டுகளாகப் பாலைவனத்தில் கட்டி வந்திருக்கிறது, அவை எங்கே இருக்கின்றன என்பது வரைபடத்திலேயே கிடைக்கும். ஊருக்கு ஒரே கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கிணற்றடியில் கேமரா வைத்தால் ஊரில் யார் தப்புவார்கள்? அப்படித்தான் ஆயிற்று. ஒரே தொட்டியைச் சுற்றி டஜன் கணக்கில் பெட்டிகள். எல்லோரும் கார்டு மாற்ற வந்துபோனபடி இருக்க, தாகத்தோடு வந்த மிருகம் மனித வாடை பிடித்துத் திரும்பிப் போகும். அந்த நிலத்தில் மாடு மேய்க்கிறவர்களுக்கு எரிச்சல். இது என் இடம், நான்தான் முதலில் வைத்தேன் என்று வேட்டைக்காரர்களுக்குள் தகராறு. வேட்டைக்கே சம்பந்தமில்லாமல் நடக்க வந்தவர்களின் படமும் யாரோ ஒருவருடைய கார்டில்.

அரிசோனா 2021-க்குச் சில ஆண்டுகள் முன்பே நேரலைக் கேமராக்களை வேட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தது. 2021 ஜூனில் அங்கே வேட்டை விதிகளை வகுக்கும் கேம் அண்ட் ஃபிஷ் கமிஷனின் ஐந்து உறுப்பினர்களும் ஒருமனதாக வாக்களித்து, எந்த ரக ட்ரெயில் கேமராவையும் வேட்டைக்காகவோ வேட்டைக்கு உதவவோ பயன்படுத்தக் கூடாது என்று ஒரேயடியாகத் தடை போட்டார்கள். 2022 ஜனவரி 1 முதல் அமல். பொது நிலம், தனியார் நிலம் என்ற பேதம் இல்லை, சீசன் இருக்கிறதா இல்லையா என்ற பேதமும் இல்லை. கேமரா மட்டுமில்லை, அதிலிருந்து கிடைத்த படம், அதில் உள்ள நேரம், தேதி, இடம், எதுவும் கூடாது. ஆராய்ச்சிக்கு, மாட்டைக் கவனிக்க, சும்மா ரசிப்பதற்குப் படம் எடுக்க என்றால் வைத்துக்கொள்ளலாம்.

நெவாடாவின் வழி வேறு, அது அரிசோனாவுக்கும் முந்தியது. அங்கே நிலத்தில் 80 சதவீதம் அளவுக்கு மத்திய அரசுடையது, பொது நிலம். அதனால் அவர்கள் நோக்கத்தைத் தேடிப் போகாமல் இடத்தையும் தேதியையும் பிடித்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை பொது நிலத்தில் ட்ரெயில் கேமரா கூடாது, படத்தை அனுப்புகிற ரகமாக இருந்தால் ஒரு மாதம் முன்னதாக ஜூலை 1-லிருந்தே கூடாது. தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதி வேண்டும். யூட்டா 2022 ஜனவரியில் எடுத்த முடிவில், பெரிய மிருக வேட்டைக்கு ஜூலை 31 முதல் டிசம்பர் 31 வரை எந்த ரகமும் கூடாது என்றது. கூடவே, வேட்டைக்காக ட்ரெயில் கேமரா படங்களை விற்பதும் வாங்குவதும் கூடாது என்று ஒன்றைச் சேர்த்தது.

படங்களை விற்பதா என்று புருவத்தை உயர்த்தினால், ஆம், அதற்கு ஒரு சந்தை இருந்தது. மேற்கு மாநிலங்கள் சில டேக்குகளைக் குலுக்கலுக்கு விடாமல் ஏலத்தில் விடுகின்றன, அவற்றில் சில லட்சக்கணக்கான டாலருக்குப் போயிருக்கின்றன, பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. அவ்வளவு கொடுத்து வாங்கினவர் வாரக்கணக்கில் குன்றில் உட்கார்ந்து தேடவா போகிறார், வழிகாட்டி வைத்துக்கொள்வார். வழிகாட்டி நிறையக் கேமராவும் ஆட்களும் வைத்து, பெரிய கொம்புள்ள ஒரு குறிப்பிட்ட கிடாவை மாதக்கணக்கில் கண்காணிப்பார், தன்னிடம் இல்லாத படத்தை விலைக்கு வாங்குவார். இந்த அளவுக்கு வந்த பிறகு அந்தக் கிடாவுக்குப் பெயர்கூட வைத்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ யூட்டாவின் தடையில் மிகச் சரியான பகுதி இந்த விற்பனைத் தடைதான் என்று தோன்றுகிறது, பொதுச்சொத்தான மிருகம் இருக்கும் இடத்தைத் தனிச்சரக்காக விற்பதைக் கேமரா நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் கொண்டுவரவே தேவையில்லை.

கன்சஸ் 2023-ல் மாநில வனவிலங்குத் துறையின் கீழுள்ள பொது வேட்டை நிலங்களில் ட்ரெயில் கேமராவைத் தடை செய்தது. அங்கே நிலம் அநேகமாக முழுக்கத் தனியாருடையது, பொது நிலம் மிகச் சொற்பம், அந்தச் சொற்பத்தில் எல்லோரும் கேமராவை மாட்டி இடம் பிடித்ததுதான் பிரச்சினை. பேருந்து ஜன்னலில் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்பது மாதிரி. டெக்ஸாஸிலும் பெரும்பகுதி தனியார் நிலம்தான், ஆனால் அங்கே கேமராவுக்கு இப்படிப்பட்ட தடை இல்லை, நிலத்துக்காரர் தன் நிலத்தில் தன் கேமராவை மாட்டுகிறார், யாரோடும் போட்டி இல்லை.

சரி, இந்த விதிகளில் எது வேலைக்கு ஆகும்? வேட்டை விதிகளை அமல்படுத்தும் அதிகாரியான ஒரு கேம் வார்டனின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அரிசோனாவில் ஒரு குட்டைப் பக்கத்தில் கேமரா இருக்கிறது. நான் பறவை படம் எடுக்கிறேன் என்கிறார் உரிமையாளர். அவரிடம் எல்க் டேக்கும் இருக்கிறது. அவர் மனதுக்குள் என்ன இருந்தது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? நெவாடாவில் அந்தத் தொல்லை குறைவு: இன்று என்ன தேதி, இது யாருடைய நிலம், பெட்டி இருக்கிறதா இல்லையா, முடிந்தது. ஆனால் இந்த மாதிரி விதியில் வேட்டைக்குச் சம்பந்தமே இல்லாதவரும் மாட்டிக்கொள்ளலாம். நோக்கத்தைப் பிடிக்கிற சட்டம் நியாயமானது, அமல்படுத்துவது கஷ்டம். தேதியைப் பிடிக்கிற சட்டம் முரட்டுத்தனமானது, ஆனால் எல்லோருக்கும் புரியும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது, குறைந்தபட்சம் விதியை மதிக்க நினைக்கிறவருக்குத் தான் மதிக்கிறோமா இல்லையா என்று சந்தேகம் வராது.

எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும், அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் வேலைக்குப் போகிறவரும் உடம்பு முடியாதவரும் மாதக்கணக்கில் காட்டில் போய் உளவு பார்க்க முடியாது, கேமரா இல்லையென்றால் நேரமும் பணமும் உள்ளவருக்குத்தானே சாதகம் என்கிறார்கள். தூரத்தை அளக்கும் லேசர் கருவி, அரை மைலுக்கு மேல் குறி தவறாத துப்பாக்கி, கைபேசியில் செயற்கைக்கோள் வரைபடம் எல்லாம் சரி, கேமரா மட்டும் ஏன் பாவம் என்றும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. லேசர் கருவி நீங்கள் அங்கே இருக்கும்போதுதான் வேலை செய்யும், நீங்கள் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அது வருகிறது, கேமராவோ தேடுவதையே உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது என்று ஒரு வித்தியாசம் சொல்லலாம். ஆனால் மான் பக்கம் நின்று பார்த்தால் அரை மைலுக்கு அப்பாலிருந்து வருகிற தோட்டாவும் அதற்குத் தெரியாமல்தானே வருகிறது.

இன்னொரு பக்கம், மனிதர்கள். அடுத்தவர் கேமராவைப் பார்த்தால் என்ன செய்வது? தொடாதீர்கள். அங்கே வைத்தது சட்டவிரோதமாகவே இருந்தாலும் பிடுங்கிக்கொண்டு போனால் நீங்கள் திருடர். கார்டை மட்டும் உருவிப் பார்ப்பதும் அதே ரகம்தான். வைத்ததே தவறு என்று தோன்றினால் அந்த மாநில வனவிலங்குத் துறைக்கு இடத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம். உங்கள் கேமராவில் நடைபயணம் வந்த யாரோ ஒருவர் முகம் பதிவானால் அழித்துவிடுங்கள், எடுத்துப் பரப்பாதீர்கள். நீர்நிலைக்கு மிக அருகில் வைக்காமல், அதற்குப் போகிற வழியில் கொஞ்சம் தள்ளி வைத்தால் மிருகமும் நிம்மதியாகக் குடிக்கும், கார்டு மாற்றப் போகிற தடவைகளையும் குறைத்துக்கொள்ளலாம்.

கேமராவை வைப்பது வேட்டைக்காரர் மட்டும்தான் என்றும் எண்ணிவிடாதீர்கள். டென்னசியில் வனவிலங்குத் துறை அதிகாரிகள் விதிமீறலைப் பிடிப்பதற்காக, நீதிமன்ற வாரண்ட் இல்லாமலே தனியார் நிலத்துக்குள் நுழைந்து மரத்தில் கேமரா மாட்டினார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1924-லும் மறுபடி 1984-லும், வீட்டைச் சுற்றியுள்ள பகுதிக்கு அப்பால் திறந்த வெளியில் அதிகாரிகள் நுழைவது காரணமில்லாத சோதனைகளைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தை மீறுவதாகாது என்று சொல்லியிருந்தது, அந்தத் தைரியம். நிலத்துக்காரர்கள் இருவர் மாநில அரசியலமைப்பைக் காட்டி வழக்குப் போட்டார்கள், 2024-ல் டென்னசி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மானுக்குக் கிடைக்காத வக்கீல் நிலத்துக்காரருக்குக் கிடைத்தார்.

புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மேலே நான் சொன்ன தேதிகளையும் விதிகளையும் நம்பிப் பெட்டியை மாட்டாதீர்கள். மாநில கமிஷன்கள் ஒவ்வொரு வருடமும் கூடி விதியை மாற்றிக்கொண்டே இருக்கின்றன, வேட்டை விதிப் புத்தகம் ஒவ்வொரு சீசனுக்கும் புதிதாக வரும், மாநிலத் துறையின் இணையதளத்தில் இலவசம். அதில் 'ட்ரெயில் கேமரா' என்று தேடினால் கிடைக்காமல் போகலாம், சில இடங்களில் மின்னணுக் கருவிகள் பற்றிய பத்தியில் புதைந்திருக்கும், அதையும் பாருங்கள். மாநில விதி அனுமதித்தாலும் நிலத்தின் நிர்வாகி மறுக்கலாம். தேசிய வனவிலங்குப் புகலிடங்கள் பலவற்றில் தனியாக அனுமதி வாங்க வேண்டும், மத்திய அரசின் காடு, மாநிலப் பூங்கா, பழங்குடியினர் நிலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வீட்டுச் சட்டம். எல்லை தாண்டி இரண்டு மாநிலத்தில் வேட்டையாடுகிறவர் என்றால் இரண்டு புத்தகத்தையும் படியுங்கள், நெவாடா பக்கத்துக் குன்றில் ஜூலை 31 வரை சட்டப்படி இருந்த கார்டு கேமரா ஆகஸ்ட் 1 காலையில் சட்டவிரோதம், அதற்குள் ஏறிப்போய் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.